தம்போவ்காரனின் பிழைகள்

நாற்பத்திரண்டு விடைத்தாள்களில் நாற்பத்தொன்றை யுஸ்தினா ஒரே மூச்சில் திருத்தி முடித்துவிட்டாள். கடைசித் தாள் மட்டும் அரைமணி நேரமாக அவள் முன்னால் கிடந்தது. அதில் பிழைகள் இல்லாமல் இல்லை. வரிக்கு ஒன்று என்று, விதைத்த மாதிரி இருந்தன. அதுதான் அவளை உறுத்தியது.

தாள் மத்வேய் இலியிச் போகோதினுடையது. தோல் டிரஸ்டின், அதாவது அரசுத் தோல் நிறுவனத்தின், கடிதப் பிரிவில் குமாஸ்தா. நாற்பது வயதிருக்கும். தம்போவில் பிறந்த ரஷ்யன், உக்ரைன் மொழி சுத்தமாகத் தெரியாது என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தான். அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத்தான் யுஸ்தினாவை நியமித்திருந்தார்கள். உக்ரைன் தலைநகர் ஹார்கிவில் அந்த ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் எந்த அலுவலகத்துக்குள் போனாலும் இதே பேச்சு. எல்லாக் கடிதமும் இனி உக்ரைன் மொழியில்தான். ஊழியர்களுக்குப் பரீட்சை வைத்து மூன்று வகையாகப் பிரிக்க வேண்டும். மூன்றாம் வகையில் நிற்பவன் புது வருஷத்துக்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும்.

அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ‘சுற்றறிக்கை’ என்று வர வேண்டிய இடத்தில் போகோதின் ‘ஸிர்குல்யார்’ என்று எழுதியிருந்தான். எல்லோரும் எழுதுவது அதுதான், பாடத்தில் அவள் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். ஆனால் அதற்குக் கீழே அடித்து மறைத்த ஒரு சொல் இருந்தது. மையை மீறி மூன்று எழுத்துகள் தெரிந்தன. ‘ஒபிஷ்னிக்.’ பதினெட்டாம் வருஷம் கீவில், நமக்கென்று ஒரு அரசு இருந்தபோது, அமைச்சகங்களில் புழங்கிய சொல். இந்த டிரஸ்டில் அதைச் சொன்னால் மருந்தின் பெயரா என்று கேட்பார்கள்.

தம்போவ்காரனுக்கு அது எப்படித் தெரியும்?

அவளுக்கு முதலில் தோன்றிய பதில் இதுதான். ஜி.பி.யு. ஆள், ரகசியப் போலீஸ். அவளை ஆழம் பார்க்க அனுப்பப்பட்டவன். பழைய சொல்லை வேண்டுமென்றே அடித்துவிட்டு, அவள் அதை அடையாளம் கண்டுகொள்கிறாளா என்று காத்திருக்கிறான்.

அப்படிப் பயப்படக் காரணம் இருந்தது. யுஸ்தினா தன் படிவத்தில் பத்தொன்பதாம் வருஷத்துக்கு நேரே, ‘லுப்னி மாவட்டம், கிராமப் பள்ளி ஆசிரியை’ என்று எழுதியிருந்தாள். உண்மையில் அந்தக் கோடையில் அவள் கமியானெத்ஸில் இருந்தாள். போல்ஷெவிக்குகளை எதிர்த்த உக்ரைன் குடியரசுப் படையின் சிப்பாய்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தாள். இப்போது அந்தப் படைக்கு ஒரே பெயர்தான், பெத்லூராக்காரர்கள். அந்த மே மாதம் படைத் தலைவர் பெத்லூராவைப் பாரிஸில் சுட்டுக் கொன்ற பிறகு அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லவே ஜனங்கள் யோசித்தார்கள்.

போதாததற்கு மூன்று வாரம் முன்னால் அவளுடைய பக்கத்து அறைக்காரி க்லாவா, சமையலறையில் ஸ்டவ்வுக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே ஒரு சேதி சொல்லியிருந்தாள்.

“யுஸ்தினாக்கா, உங்களத் தேடி ஒரு ஆளு வந்தாரு. தோல் கோட்டு போட்டிருந்தாரு.”

“என்ன கேட்டார்?”

“எங்க பொறந்தவங்க, யாரு வந்து போறாங்க, கடுதாசி எங்கெருந்து வருதுன்னு கேட்டாரு. நான் என்னத்தக் கண்டேன்? உப்பு கேட்டா குடுப்பாங்க, மத்தபடி வாயத் தொறக்க மாட்டாங்கன்னேன்.”

“பேர் சொன்னாரா?”

“தோல் கோட்டுக்காரங்க எங்கக்கா பேரு சொல்லிட்டு வராங்க?”

யுஸ்தினா கடைசித் தாளின் மேல் மூன்று என்று போட்டுத் தாள்கட்டுக்குள் சொருகினாள். கட்சிக் கிளைச் செயலாளர் தொவ்காச் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். பெருத்த உடம்பு, தொண்டையும் அதற்கேற்றது. அவருடைய உக்ரைன் மொழி பொல்தாவாப் பக்கத்துத் தாயிடம் கேட்டுப் படித்தது. எழுதச் சொன்னால் மட்டும் வியர்க்கும்.

“என்ன டீச்சரம்மா, எத்தனை பேரு தேறுவாங்க?”

“முதல் வகை ஒன்பது. ரெண்டாவது பதினெட்டு. மூணுல பதினஞ்சு பேர்.”

“பதினஞ்சா! அந்தப் பதினஞ்சு பேரையும் வெளிய அனுப்பிட்டு டிரஸ்ட நான் ஒருத்தனே நடத்தவா? டிசம்பர்ல மத்திய கமிஷன்லேருந்து இன்ஸ்பெக்டர் வராரு. எப்படியாவது ஏத்தி விடுங்க. இந்தப் போகோதின் எப்படி?”

பேர் காதில் விழுந்ததும் அவள் கை தானாகக் கட்டைப் பிடித்தது. “ஏன் அவரக் கேக்கறீங்க?”

“சும்மாதான் கேட்டேன். அவன் போயிட்டா ரஷ்யாவுக்குக் கடிதம் எழுத ஆள் இல்ல.”

சும்மா கேட்டாரா? அன்று மாலை டிராமில் போகும்போதும் அந்த ‘சும்மா’ அவள் காதில் குடைந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். வாரம் மூன்று நாள், வேலை முடிந்து நான்கு மணிக்கு வகுப்பு. போகோதின் மூன்றாவது பெஞ்சில், தட்டெழுத்துக்காரி ரிம்மாவுக்குப் பக்கத்தில் உட்காருவான். ரிம்மா எப்போதும் அழுவதற்குத் தயாராக இருப்பாள். “எனக்கு முப்பது வருஷமா நல்லா வந்த பாஷையை இப்பத் தப்புங்கறாங்க” என்று யாரிடமாவது புலம்பிக்கொண்டிருப்பாள். ஒருநாள் யுஸ்தினா வேண்டுமென்றே பாடத்தில் இல்லாத ஒரு சொல்லை வைத்து ஒரு வாக்கியம் சொன்னாள். வகுப்பு முழுக்கப் பேனாவை வாயில் வைத்துக்கொண்டு முழித்தது. போகோதின் பேனா மட்டும் ஓடிற்று. பாதி வழியில் நின்றது. அவன் மெதுவாகத் திரும்பி ரிம்மாவின் தாளைப் பார்த்தான். அவள் எழுதிய தப்பை அப்படியே பார்த்து எழுதினான்.

சரியான விடையை விட்டுவிட்டுத் தப்பைக் காப்பியடிக்கும் மாணவனை யுஸ்தினா வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தாள்.

அடுத்த வாரம் முற்றத்தில் தோல் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்த வண்டிக் குதிரை எதற்கோ மிரண்டது. வாட்ச்மேன் ஓஹ்ரிம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். மாடி ஜன்னலிலிருந்து “ஓஹ்ரிமே! நகரு!” என்று ஒரு குரல் கத்திற்று. ஓஹ்ரிம் துள்ளி விலகினான், சக்கரம் அவன் நின்ற இடத்தில் ஏறியது. ஆளைக் கூப்பிடும்போது பேரின் கடைசி எழுத்தை வளைக்கும் பழக்கம் நம் மொழிக்கு உண்டு. ரஷ்யர்களுக்கு அது மறந்து எத்தனையோ தலைமுறை ஆயிற்று. அவசரத்தில், யோசிக்க நேரமில்லாமல், ஒருவன் வாயில் அது வருகிறது என்றால் அது தாய்ப்பாலோடு வந்தது. யுஸ்தினா நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலில் போகோதின். அவனும் அவளைப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது.

ஜி.பி.யு. ஆள் எதற்கு வெளுக்க வேண்டும் என்று அவள் யோசித்தாள். நடிக்கத் தெரிந்தவனுக்கு வெளுக்கவும் தெரியும் என்று அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அவன் பின்னால் போனாள். எங்கே போகிறான் என்று தெரிந்தால் யார் என்று தெரிந்துவிடும். ஜி.பி.யு. அலுவலகம் இருக்கும் செர்னிஷெவ்ஸ்கி தெருப் பக்கம் திரும்பினால் அவன் யாருடைய ஆள் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவன் சூம்ஸ்கா தெருவில் நேராக நடந்து பல்கலைக்கழகத் தோட்டத்துக்குள் நுழைந்தான். இலை உதிர்ந்த மரங்களுக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தான். கால்மணி நேரம் ஆயிற்று. யாரும் வரவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று நின்று யுஸ்தினாவுக்குக் கால் விறைத்துப்போயிற்று.

“வந்து உக்காருங்க யுஸ்தினா சாவிவ்னா” என்றான் அவன், திரும்பாமலே. “எவ்வளவு நேரம்தான் நிப்பீங்க? என்னப் பிடிக்கணும்னா பிடிங்க. இந்தக் குளிர்ல ரெண்டு பேரும் எதுக்குச் சாகணும்?”

சொன்னது உக்ரைன் மொழியில். அதுவும் எப்படிப்பட்ட மொழி! ஏழு வருஷமாக அப்படி ஒருவர் பேசி அவள் கேட்டதில்லை. ஒரு சொல் இடறவில்லை. அவள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

“நான் யாரையும் பிடிக்க வரல. நீங்கதான் என்னப் பிடிக்க வந்தவர்.”

“நானா?” அவன் கையிலிருந்த விதைகள் சிந்தின. “என் தாள்ல அடிச்ச சொல்ல வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தது நீங்க, முற்றத்துலேருந்து நான் பாத்தேன். பாடத்துல இல்லாத வார்த்தையப் போட்டு வலை விரிச்சது நீங்க. இப்போ பின்னால வந்ததும் நீங்க. வகுப்பெடுக்க வந்த நாள்லேருந்தே உங்க மேல பயம், அதான் பரீட்சைக்கு முன்னாடியே உங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சேன், நீங்க எந்த ஆபீஸ் ஆளுன்னு.”

“தோல் கோட்டு?”

“நம்ம கிடங்குல கிடந்தது. ஒரு நாளைக்கு எடுத்துப் போட்டேன். அதப் போட்டுக்கிட்டா நாட்டுல எல்லாக் கதவும் திறக்குது.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் சொல்வது உண்மையாக இருக்கலாம். நன்றாகத் தயாரித்த கதையாகவும் இருக்கலாம். அவன் தானாகவே மேலும் சொன்னான். கீவில் அமைச்சகத்தில் சுற்றறிக்கைகள் எழுதுவதுதான் அவனுடைய வேலை. பள்ளிகளுக்கு, தபால் நிலையங்களுக்கு, ரயில்வேக்கு. அரசு ஓடியபோது அவனும் கூடவே ஓடினான். பத்தொன்பதாம் வருஷக் குளிர்காலத்தில் டைஃபஸ் வந்து ஒரு ரயில் பெட்டியில் கிடந்தான். பக்கத்தில் கிடந்த தம்போவ்காரன் செத்துப்போனான்.

“அவன் அடையாளக் காகிதத்த எடுத்துக்கிட்டேன். என் காகிதத்த அவன் சட்டையில வெச்சேன். என் உண்மையான பேரு...”

“சொல்லாதீங்க!” என்றாள் யுஸ்தினா. “எனக்கு வேண்டாம். கேட்டா மறைக்கத் தெரியாது.”

அவன் சிந்திய விதைகளைக் காலால் ஒதுக்கினான். “மூணாம் வகையில முட்டாளா உக்காந்திருந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு நினைச்சேன்” என்றான். “இப்போ வேலையவிட்டுத் தூக்கிட்டா வேலைவாய்ப்பு ஆபீஸ் தம்போவுக்கு எழுதிக் கேக்கும். அங்க போகோதினோட அம்மா இன்னும் உயிரோட இருக்கா.”

அவள் எழுந்து போயிருக்கலாம். அதுதான் புத்தியும்கூட. ஆனால் இவனைப் பிடித்தால், இவ்வளவு நாள் சொல்லிக் கொடுத்தவளுக்கு எப்படித் தெரியாமல் போயிற்று என்று அவளைத்தான் முதலில் கேட்பார்கள். இது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போலிருந்தது.

“உங்க தப்பெல்லாம் தப்பா இருக்கு” என்றாள்.

“என்னது?”

“இலக்கணப் புத்தகத்துல கஷ்டம்னு போட்ட இடமாப் பாத்துத் தப்புப் பண்றீங்க. நிஜமான தம்போவ்காரன் அங்க பயந்து பயந்து எழுதுவான், சரியா எழுதிடுவான். அவன் விழறது சுலபமான இடத்துல. அப்புறம் வரிக்கு ஒண்ணுன்னு யாரு தப்புப் பண்ணுவாங்க? மூணு வரி ஒழுங்கா வரும், நாலாவதுல குப்புற விழுவான்.”

அந்த ஞாயிறு தொடங்கி ஆறு வாரம், அந்தத் தோட்டத்தில் யுஸ்தினா அவனுக்குத் தப்பாக எழுதச் சொல்லிக் கொடுத்தாள். ‘ஹ’ வர வேண்டிய இடத்தில் ‘க’. ஆளைக் கூப்பிடும்போது பேரை வளைக்காமல் கட்டையாக நிறுத்துவது. ஞாயிற்றுக்கிழமைக்கு ரஷ்யச் சொல்லை எடுத்து நம் உடுப்பை மாட்டினால் ‘உயிர்த்தெழுதல்’ என்று பொருள் வரும். ‘உயிர்த்தெழுதல் அன்று அலுவலகம் விடுமுறை’ என்று எழுதாத ரஷ்யன் டிரஸ்டில் இல்லை. அவன் நல்ல மாணவன். ஒவ்வொரு தப்பையும் செய்யும்போது பல்லைக் கடித்தான்.

“இது பாவம்” என்றான் ஒருமுறை.

“பாவம்னா என்ன? எழுதுங்க. மறுபடியும்.”

சொல்லிக் கொடுக்கும்போதே அவள் மனதின் ஒரு மூலை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இவன் கண்ணியாக இருந்தால், இது ஒன்றே போதும் தன் தலை போக. தன்னைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லுப்னி என்றாள், கிராமப் பள்ளி என்றாள். அவனும் தலையாட்டிக்கொண்டான்.

டிசம்பரில் இன்ஸ்பெக்டர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட வயதானவர். ஒவ்வொருவரையும் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்டார். போகோதின் முறை வந்தது.

“தோழர் போகோதின், லீவு நாள்ல என்ன செய்வீங்க?”

“தோழர் இன்ஸ்பெக்டர்” என்றான் அவன், இரண்டு சொல்லையும் வளைக்காமல். “நான் ஒவ்வொரு உயிர்த்தெழுதலுக்கும் தோட்டத்துல நடக்குறேன். பத்திரிகை வாசிக்கறேன். புரியுது, ஆனா எல்லாம் புரியாது.”

கூடம் முழுக்கச் சிரித்தது. இன்ஸ்பெக்டரும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “ஒவ்வொரு வாரமும் உயிர்த்தெழறீங்களா? பரவாயில்ல, தைரியமாப் பேசறீங்க. ரெண்டாம் வகை.” ரிம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மூன்றாம் வகையிலேயே நின்றிருந்தாள், ஏப்ரல்வரை மட்டும் தவணை கொடுத்திருந்தார்கள்.

நான்கு நாள் கழித்து தொவ்காச் யுஸ்தினாவைக் கூப்பிட்டனுப்பினார். மேஜைமேல் ஒரு கடிதம் கிடந்தது. கையெழுத்தைக் காட்டாமல் இருக்கப் பெரிய அச்செழுத்துகளில் எழுதியிருந்தது.

“வாசிங்க டீச்சரம்மா. நீங்க எல்லாருடைய தப்பும் தெரிஞ்சவங்க. எழுதினது யாருன்னு சொல்லுங்க.”

ஆசிரியையும் குமாஸ்தா போகோதினும் ஒவ்வொரு உயிர்த்தெழுதலுக்கும் தோட்டத்தில் சந்திக்கிறார்கள் என்றிருந்தது. ஒன்றும் தெரியாத போகோதினுக்கு இரண்டாம் வகை எப்படிக் கிடைத்தது, விசாரிக்க வேண்டும் என்றிருந்தது. யுஸ்தினா பிழைகளைப் பார்த்தாள். ‘ஹ’வுக்கு ‘க’. கட்டையாக நின்ற ‘தோழர் தொவ்காச்’. மூன்று வரி ஒழுங்கு, நாலாவதில் சறுக்கல். அவள் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த அத்தனையும் இருந்தன. நிஜ ரஷ்யன் எழுதியதா, அவளிடம் படித்தவன் எழுதியதா? அவள் அவ்வளவு நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இப்போது அவளுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் தன் பேரையே எழுதி ஒருவன் காட்டிக் கொடுப்பானா? அவளை மட்டும் மாட்டிவிட வேண்டுமானால், கொடுப்பான்.

“பாதி ஆபீஸ் இப்படித்தான் எழுதுது” என்றாள். “அதுக்குத்தானே என்ன வெச்சிருக்கீங்க.”

“சரி, அத விடுங்க. தோட்டத்துல சந்திச்சது உண்டா, இல்லியா?”

இல்லை என்றால் சாட்சி வரும். உண்டு என்றால், எதற்கு என்ற கேள்வி வரும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கத்தால் குனியவில்லை, முகத்தை மறைக்கத்தான் குனிந்தாள். தொவ்காச் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அவருடைய பெரிய முகம் மெல்ல மலர்ந்தது.

“அட! அப்படியா சங்கதி? போகோதினா? அந்த வத்தலா?”

“ஆமா” என்றாள் யுஸ்தினா.

“இத முன்னாடியே சொல்லித் தொலைக்கக் கூடாதா? நான் என்னென்னமோ நெனச்சுட்டேன்.” அவர் கடிதத்தை மடித்து இழுப்பறையில் போட்டார். கிழிக்கவில்லை என்பதை அவள் கவனித்தாள். “ஆனா இந்த ஒளிஞ்சு பிடிச்சு விளையாட்டெல்லாம் நம்ம டிரஸ்டுல வேண்டாம். பதிவு பண்ணிக்கோங்க. கூட்டம் போட்டு நான் அறிவிக்கறேன். ஒரு நல்ல கெட்டில் வாங்கித் தரோம்.”

படிக்கட்டில் போகோதின் கோப்புகளோடு ஏறி வந்தான். யுஸ்தினா அவனைச் சுவரோரம் நிறுத்தினாள்.

“நமக்குக் கல்யாணம்.”

அவன் கோப்புகளை மார்போடு இறுக்கிக்கொண்டான். “யாரோட உத்தரவு?”

“என்னோடதுதான். வேற வழி இல்ல. அந்தக் கடுதாசி நீங்க எழுதினதா?”

“எந்தக் கடுதாசி?”

அவள் அவன் கண்களையே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. அதுவரை எந்த மனிதன் கண்ணிலிருந்தும் அவளால் எதையும் படிக்க முடிந்ததில்லை. தாளில் இருந்தால்தான் அவளுக்குப் படிக்க வரும்.

ஜனவரியில் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். டிரஸ்டின் கூடத்தில் தேநீர், சிவப்பு மிட்டாய், தொவ்காச்சின் முக்கால்மணி நேரப் பேச்சு. ரிம்மா வந்து யுஸ்தினாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நான் உங்களப் பத்தி வேற என்னமோ நெனச்சேன். மன்னிச்சிடுங்க” என்றாள். மன்னிப்பதற்கு என்ன இருக்கிறது என்றாள் யுஸ்தினா. கடிதம் யாருடையது என்பது பாதி தெளிந்தது. இவளை எழுதச் சொன்னது யார் என்று மறுபாதி மனம் கேட்டது. அவளுக்கு அதை நிறுத்தத் தெரியவில்லை.

யுஸ்தினாவின் அறைக்கு அவன் ஒரு பெட்டியோடு குடி வந்தான். சுவர் மெல்லியது என்பதால் வீட்டில் ரஷ்ய மொழியிலேயே பேசிக்கொண்டார்கள். அவன் மரியாதையான மனிதன். ரொட்டியை மெலிதாக வெட்டுவான். தூக்கத்தில் ஒரு வார்த்தை பேச மாட்டான். யுஸ்தினா அதையும் சந்தேகப்பட்டாள். எவ்வளவு பயின்றால் ஒரு மனிதன் தூக்கத்திலும் வாயை மூடிக்கொள்வான்? ரிம்மாவுக்குச் சம்பளம் வாங்காமல் தனியாகச் சொல்லிக் கொடுத்து ஏப்ரலில் இரண்டாம் வகைக்கு ஏற்றிவிட்டாள். க்லாவா தன் பங்குக்கு, “நல்ல வேளை அக்கா, அந்தத் தோல் கோட்டுக்காரரு அப்புறம் வரவே இல்ல” என்று போகோதினை நேருக்கு நேர் பார்த்தே சொன்னாள். கோட்டு இல்லாமல் அவளுக்கு அடையாளமே தெரியவில்லை.

அந்த வருஷம் அக்டோபரில் ஒரு மத்தியானம் இருவரும் பொதுச் சமையலறையில் முட்டைக்கோஸ் நறுக்கி உப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு ஸ்டவ்களும் எரிந்து இரைந்துகொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசினாலே பாதிதான் கேட்கும். யுஸ்தினா எதற்கென்று தெரியாமல் திடீரென்று சொல்ல ஆரம்பித்தாள்.

“நான் லுப்னியில இருந்ததே இல்ல. கமியானெத்ஸில இருந்தேன். படையில. சிப்பாய்களுக்குப் பாடம் எடுத்தேன்.”

சொல்லிவிட்டாள். இனி திரும்ப வாங்க முடியாது. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அடுத்து அவன் என்ன கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். உன்னோடு அங்கே யார் யார் இருந்தார்கள், அவர்கள் இப்போது எங்கே? தோல் கோட்டுக்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

அவன் முட்டைக்கோஸை விட்டுவிட்டுக் கதவுவரை போய்த் தாழ்வாரத்தைப் பார்த்துவிட்டு வந்தான். அவள் காதருகே குனிந்தான்.

“இத வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கியா?”

“இல்ல.”

“சொல்லாத. என்கிட்டயும் இனிமே சொல்லாத.”

அவள் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். யார் யார் என்று அவன் கேட்கவில்லை. அழுகை வந்தது. நல்லவேளையாக வெங்காயமும் பக்கத்தில் கிடந்தது. அவன் உப்பை அள்ளிப் போட்டான், மறந்துபோய் மறுபடியும் அள்ளிப் போட்டான். அந்தக் குளிர்காலம் முழுக்க அதை அவர்கள் மூன்று தண்ணீரில் அலசி அலசித் தின்றார்கள்.